கல்லில் கிடக்கும் சட்டை: டிரைலோபைட்டுகளைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பக்கம் கடல் வற்றிக் கிடந்த ஒரு காலை. அண்ணன் மகள் சேற்றோரம் குனிந்து நின்றுகொண்டு, "அத்தை, இங்க வாங்க, ஒரு நண்டு செத்துக் கிடக்கு!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். குதிரைலாட நண்டு. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி முதுகு, பின்னால் ஊசி போல வால், அடியில் கால்கள், எல்லாம் குறையாமல் இருந்தன. ஆனால் நாற்றம் இல்லை, ஈயும் மொய்க்கவில்லை. ஒரு குச்சியால் மெல்லப் புரட்டினேன். காய்ந்த சருகு போல லேசாகப் புரண்டது. முன்விளிம்பு நெடுக ஒரு கீறல் வாய் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"செத்துப் போகலம்மா. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. ஆள் இதைவிடப் பெரிசா எங்கேயோ சேத்துக்குள்ள இருக்கும்" என்றேன். கால் நுனி வரைக்குமா உரிக்கும் என்று கேட்டாள். ஆமாம், கால் நுனி வரைக்கும். படம் எடுத்துக்கொண்டு அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் மேசையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, தட்டையானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாறையிலிருந்து வந்த 'எல்ராத்தியா கிங்கி' என்னும் டிரைலோபைட், அதாவது கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓர் உயிரின் புதைபடிவம். வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். இதுவும் ஓர் உரித்த சட்டையாக இருக்கலாம் என்றேன். எப்படித் தெரிந்துகொள்வது என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாழையிலை மாதிரி ஓர் உடம்பு

பெயரிலிருந்து தொடங்குவோம். 'ட்ரை' என்றால் மூன்று, 'லோப்' என்றால் மடல். தலை, உடல், வால் என்று மூன்று பகுதி இருப்பதால்தான் இந்தப் பெயர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்றும் இருப்பது உண்மைதான், ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. ஒரு வாழையிலையை நினைத்துப் பாருங்கள். நடுவில் தண்டு மேடாக ஓடுகிறது, அதற்கு இரண்டு பக்கமும் இலை விரிகிறது, அந்த இலையில் குறுக்காக நரம்புகள் வரிவரியாகப் போகின்றன. டிரைலோபைட்டின் முதுகும் அப்படித்தான். நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு, இடப்பக்கம் ஒரு மடல், வலப்பக்கம் ஒரு மடல். இந்த மூன்று மடலுக்காகத்தான் 1771இல் யோஹான் வால்க் என்ற ஜெர்மானியர் 'டிரைலோபைட்' என்று பெயர் வைத்தார். அதற்கு முன், 1698இல், வேல்ஸ் நாட்டில் எட்வர்ட் லுவிட் என்பவர் ஒன்றைக் கண்டெடுத்து, தட்டை மீனின் எலும்புக்கூடு என்று எழுதி வைத்தார். நீளவாக்கில் ஒரு தண்டும் அதிலிருந்து பிரியும் வரிகளும் இருந்தால் மீன்முள் என்று தோன்றத்தானே செய்யும்?

மீனும் இல்லை, நண்டும் இல்லை. இறால், நண்டு, தேள், சிலந்தி, பூரான், கரப்பான்பூச்சி எல்லாம் சேர்ந்த கணுக்காலிகள் என்ற பெரிய குடும்பத்தில் இது ஒரு தனிக் கிளை. அந்தக் கிளையில் இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒன்று உண்டு. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில் 1998இல் கிடைத்த 'ஐசோடெலஸ் ரெக்ஸ்' 70 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். சாப்பாட்டு மேசையில் வைத்தால் இரண்டு பேர் தட்டு வைக்க இடம் இருக்காது.

எவ்வளவு பழசு?

கோடிகளில் சொன்னால் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் மனத்தில் நிற்பதில்லை. அதனால் நாங்கள் எம்ஆர்டி ரயிலில் ஏறினோம், கற்பனையில். கிழக்கு மேற்கு ரயில் பாதையில் பாசிர் ரிஸ் முதல் துவாஸ் லிங்க் வரை 33 நிலையங்கள். டிரைலோபைட்டுகள் பாறைகளில் முதன்முதலாகத் தலைகாட்டிய 52 கோடி ஆண்டுக்கு முந்தைய காலம் பாசிர் ரிஸ், இன்றைய நாள் துவாஸ் லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1.6 கோடி ஆண்டுகள்.

ரயில் பாய லேபார், பூகிஸ், சிட்டி ஹால் எல்லாம் தாண்டுகிறது. டிரைலோபைட்டுகள் இன்னும் வண்டியில் இருக்கின்றன. தியோங் பாருவைத் தாண்டி ரெட்ஹில் வருவதற்குள் கடைசி டிரைலோபைட் இறங்கிவிடுகிறது. அது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனசர்கள் அதற்கு அடுத்து, குவீன்ஸ்டவுன் பக்கம்தான் ஏறுகின்றன. தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போனவர்களுக்கு பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி என்ற மூன்று நெடுங்கழுத்து டைனசர்களைத் தெரிந்திருக்கும். அவை வாழ்ந்த 15 கோடி ஆண்டுக்கு முந்தைய காலம், கிளமெண்டியைத் தாண்டி ஜூரோங் ஈஸ்ட்டை நெருங்கும் இடம். ஜூ கூனில் டைனசர்கள் முடிந்துபோகின்றன. மனிதன்? துவாஸ் லிங்க் மேடையில் வண்டி நிற்கப் போகிற கடைசி நொடிகளில் வருகிறான்.

பாதையில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள், இவை வண்டியில் இருந்திருக்கின்றன என்பதை அப்போதுதான் அவள் உணர்ந்தாள். அவ்வளவு காலம் கடல் ஒரே மாதிரி இருக்குமா? ஆழம் மாறியது, வெப்பம் மாறியது, சேறு மாறியது, தின்ன வருகிற எதிரி மாறினான். ஒவ்வொரு மாற்றமும் இவற்றின் ஓட்டில் பதிந்திருக்கிறது.

'தகவமைப்பு' என்றால் என்ன, என்ன இல்லை

பள்ளிப் பாடத்தில் தகவமைப்பு என்றதும் ஒட்டகமும் சப்பாத்திக்கள்ளியும் வரும். நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் பிள்ளைகள் பதில் எழுதும்போது ஒரு தவறு தொடர்ந்து வருகிறது. "ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்காகத் திமிலை வளர்த்துக்கொண்டது" என்று எழுதிவிடுகிறார்கள். எந்த உயிரும் அப்படி யோசித்து முடிவெடுத்து வளர்த்துக்கொள்வதில்லை.

நடப்பது இதுதான். ஒரு தாய்க்குப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே அச்சு இல்லை. ஒன்றுக்கு ஓடு கொஞ்சம் தடிப்பு, ஒன்றுக்கு முள் கொஞ்சம் நீளம், ஒன்றுக்குக் கண் கொஞ்சம் பெரிசு. அவை வாழும் இடத்தில் எந்தச் சின்ன வித்தியாசம் உயிர் பிழைக்க உதவுகிறதோ, அது உள்ளவை அதிகக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த வித்தியாசம் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகிறது. இப்படி ஆயிரமாயிரம் தலைமுறை. ஒரு தனி டிரைலோபைட் தன் வாழ்நாளில் மாறவில்லை, அதன் வம்சம் மாறியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் "இதற்கு ஏற்றபடி அமைந்தது" என்று எழுதும் இடமெல்லாம் இந்த நீண்ட வடிகட்டலைத்தான் சொல்கிறேன்.

கல்லால் ஆன கண்

டிரைலோபைட்டில் எனக்கு மிகப் பிடித்தது கண். இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நம் கண்ணில் உள்ள வில்லை மென்மையானது, இறந்தால் அழுகிவிடும். டிரைலோபைட்டின் கண் வில்லைகள் கால்சைட் என்ற படிகத்தால் ஆனவை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் இருப்பது அதே கனிமம்தான். அதனால்தான் 40 கோடி ஆண்டு கழித்தும் வில்லைகள் எண்ணக்கூடிய நிலையில் கிடைக்கின்றன. ஓர் உயிர் எப்படிப் பார்த்தது என்பதை அதன் கண்ணை வைத்தே ஆராய முடிவது புதைபடிவ உலகில் பெரிய கொடுப்பினை.

கால்சைட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெளிவான கால்சைட் துண்டு ஒன்று கிடைத்தால் அதைத் தமிழ் முரசு நாளிதழ்ப் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும். அந்தப் படிகத்துக்குள் போகும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அப்படியென்றால் டிரைலோபைட்டுக்கும் எல்லாம் இரண்டாகத் தெரிந்திருக்குமா? இல்லை. படிகத்தில் ஒரே ஒரு திசை உண்டு. அந்தத் திசை வழியாக ஒளி போனால் பிரியாது. டிரைலோபைட்டின் ஒவ்வொரு வில்லையும் சரியாக அந்தத் திசை வெளியே பார்க்கும்படி வளர்ந்திருக்கிறது. முதன்முறை இதைப் படித்த அன்று நான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெரும்பாலான இனங்களுக்குத் தேனடை மாதிரி நெருக்கமான சின்னச் சின்ன வில்லைகள், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில். ஈயின் கண்ணைப் போல. 'ஃபேகாப்ஸ்' வகைக்கு வேறு ஏற்பாடு: எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிசு, தனித்தனியாக முத்துப் பதித்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். வெறுங்கண்ணாலேயே எண்ணலாம்.

கண்ணைப் பார்த்தால் வீடு தெரியும் என்று சொல்லலாம். மொராக்கோவில் கிடைத்த 'எர்பனோகைல்' என்ற இனத்தின் கண்கள் இரண்டும் நிமிர்ந்த தூண்கள் மாதிரி உயர்ந்து நிற்கின்றன. தரையோடு தரையாக இருந்துகொண்டே சுற்றிலும், முதுகுக்குப் பின்னாலும் பார்க்கலாம். தூணின் உச்சியில் தொப்பி விளிம்பு போல ஒரு நீட்டல். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுக்கும் குடை அது. வெயிலில் நாம் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்போமே, அதே வேலை. இந்தக் குடையிலிருந்து ஒன்று நிச்சயம்: அது வாழ்ந்த கடல் அடித்தளத்தில் நல்ல வெளிச்சம் இருந்திருக்கிறது, அது பகலில் நடமாடியிருக்கிறது. இருட்டில் வாழ்வதற்குக் குடை எதற்கு?

'கரோலினைட்டிஸ்' நேர்மாறு. ஒல்லியான உடம்பு, பக்கவாட்டை முழுக்க அடைத்துக்கொண்ட கண்கள், மேலும் கீழும் பின்னும் ஒரே நேரத்தில் பார்க்கும். தரையில் ஊர்வதற்குக் கீழே பார்க்கும் கண் வேண்டியதில்லை. இது நடுக்கடலில் நீந்தித் திரிந்தது. இதன் புதைபடிவங்கள் அன்றைய வெப்பமண்டலக் கடல்கள் நெடுகப் பரந்து கிடைப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது.

கண்ணே இல்லாதவையும் உண்டு. இவற்றுக்குக் கண் வாய்க்கவில்லை என்பதில்லை, பல கிளைகளில் முன்னோர்களுக்குக் கண் இருந்து, தலைமுறை தலைமுறையாகச் சுருங்கி, கடைசியில் காணாமல் போயிருக்கிறது. வெளிச்சம் எட்டாத ஆழத்திலோ கலங்கிய சேற்றுக்குள்ளோ வாழும்போது கண்ணால் பிழைப்பு நடக்காது. அதே சமயம் கண்ணை வளர்ப்பதற்கு உடம்பு செலவழிக்க வேண்டும். சின்னக் கண் உள்ள குஞ்சுக்கு நட்டம் ஒன்றும் இல்லை, மிச்சம்தான்.

மரவட்டை தெரியுமா?

தோட்டத்தில் மரவட்டையைத் தொட்டால் என்ன செய்யும் என்று கேட்டேன். "சுருண்டுக்கும்!" என்று விரலைச் சுருட்டிக் காட்டினாள். டிரைலோபைட்டும் அதையேதான் செய்தது.

அதன் நடு உடல் பல வளையங்களால் ஆனது. ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்து, வளையும்படி இருக்கும். ஆபத்து வந்தால் வாலை மடக்கித் தலைக்கு அடியில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். மென்மையான கால்களும் செவுள்களும் உள்ளே, கடினமான ஓடு வெளியே. பிற்காலத்து இனங்கள் சிலவற்றில் வாலின் விளிம்பு தலையின் விளிம்பில் இருக்கும் பள்ளத்தில் பொருந்தி உட்காரும், சம்படத்துக்கு மூடி போட்டதுபோல. ஆரம்ப காலத்து டிரைலோபைட்டுகள் பலவற்றுக்கு இப்படி முழுதாகச் சுருள வராது. போகப்போக ஏறக்குறைய எல்லாமே சுருளக்கூடியவையாகிவிட்டன. இதிலிருந்தே அந்தக் கடலில் தின்பவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். வேறு சாட்சியும் இருக்கிறது. ஓட்டின் ஓரத்தில் அரைவட்டமாகக் கடிபட்டு, பிறகு ஆறித் தழும்பாகிப்போன டிரைலோபைட்டுகள் கிடைத்திருக்கின்றன. கடித்தது எதுவோ, கடிபட்டது தப்பித்து வாழ்ந்திருக்கிறது.

சுருண்ட நிலையிலேயே சேறு மூடி, பந்து போலக் கல்லானவையும் உண்டு. பயந்து சுருண்டது திரும்ப விரியவே இல்லை. அதைப் பார்க்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

முள், சூலம், வரிசை

முட்கள் பற்றி உறுதியாக ஒரே காரணம் சொல்ல முடியாது. விழுங்க வரும் வாயில் குத்தும் என்பது ஒன்று. குழைவான சேற்றில் உடம்பு புதையாமல் பாரத்தைப் பரப்பும் என்பது இன்னொன்று. இனத்துக்கு இனம் காரணம் வேறுபட்டிருக்கும்.

மொராக்கோவின் 'வாலிசெராப்ஸ்' தலைக்கு முன்னால் திரிசூலம் ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கும். நம் ஊர்த் தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டுகள் கொம்பால் முட்டிக்கொள்வது போல, இவையும் இணைக்காகத் தங்களுக்குள் மல்லுக்கட்டியிருக்கலாம் என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஒன்றுக்குச் சூலத்தில் நான்காவது முனை ஒன்று பிறவிக் கோளாறாக முளைத்திருக்கிறது. அப்படி இருந்தும் அது முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது. அப்படியானால் இரை தேடுவதற்கு அந்தச் சூலம் அவ்வளவு முக்கியமில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு ஏற்கும்படியாகவே இருக்கிறது.

அதே மொராக்கோவில், 48 கோடி ஆண்டுப் பழைய பாறையில், 'ஆம்பிக்ஸ்' என்ற கண்ணில்லாத டிரைலோபைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி வரிசையாகக் கல்லாகிக் கிடக்கின்றன. பின்னுக்கு நீளும் முட்களால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நடந்திருக்க வேண்டும். கண்ணில்லாதவர்கள் முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல. திடீரென்று சேறு வந்து மூடியிருக்கிறது.

மூச்சும் சாப்பாடும்

கால்களும் செவுளும் ஓடு மாதிரி கெட்டி இல்லாததால் அபூர்வமாகவே மிஞ்சும். நியூயார்க் மாநிலத்தில் ஓர் இடத்தில் அவை இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமமாக மாறித் தப்பியிருக்கின்றன. தங்கத்தில் வார்த்த பூச்சி போல இருக்கும். ஒவ்வொரு காலும் இரண்டாகப் பிரிகிறது: கீழ்க்கிளை நடக்க, மேல்கிளை மூச்சுவிட.

உயிர்வளி குறைவான, அழுகல் நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேற்றிலும் சில வாழ்ந்தன. ஸ்வீடன், நார்வே பக்கத்துக் கறுப்புப் பாறைகளில் கிடைக்கும் 'ஒலினிட்' கூட்டம் அப்படி. மெல்லிய ஓடு, அகலமான உடல், நிறைய வளையங்கள். வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கால், அதனால் ஒரு ஜோடிச் செவுள் கூடுதல். மற்றவர்கள் வராத இடத்தில் இவை கும்பலாகப் பிழைத்தன. மாண்டாய் சதுப்புச் சேற்றைக் கிளறினால் வரும் அந்த அழுகிய முட்டை வாசனை தெரியுமல்லவா, அதே கந்தக வாயுதான் அங்கேயும் இருந்திருக்கும்.

என்ன தின்றன என்பதற்கு நேரடிச் சாட்சி 2023இல்தான் முதன்முதலாக வெளியானது. செக் நாட்டில் கிடைத்த 46.5 கோடி ஆண்டுப் பழைய டிரைலோபைட் ஒன்றின் குடலில், நொறுங்கிய சிப்பித் துண்டுகளும் சின்ன ஓட்டு உயிர்களும் அப்படியே இருந்தன. கிடைத்ததையெல்லாம் தின்றிருக்கிறது. ஆனால் எல்லா இனமும் அப்படி இல்லை. சில சேற்றை வடிகட்டித் தின்றன, சில புழு பிடித்தன.

நம் அக்கம்பக்கத்தில்

சரி, சிங்கப்பூரில் தோண்டினால் கிடைக்குமா? புக்கித் தீமா கருங்கல், பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு ஆறி உறைந்தது. அதில் எந்தப் புதைபடிவமும் இருக்க வழியில்லை. ஆனால் லங்காவிக்கு விடுமுறை போயிருப்பவர்கள் வடக்கே கடலில் ஒரு தீவைப் பார்த்திருக்கலாம். தாய்லாந்தின் தாருதாவ். அதன் கடலோரப் பாறைகளில் சுமார் 49 கோடி ஆண்டு வயதுள்ள டிரைலோபைட்டுகள் இருக்கின்றன. நம் ரயிலில் சீமேய் நிலையம். அண்மையில் அங்கிருந்து பத்துப் புதிய இனங்களை அறிவித்தார்கள். ஒன்றுக்குத் தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்ன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறை அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருப்பதால் வயதைத் துல்லியமாகக் கணிக்க முடிகிறது. அன்று அந்த நிலம் இங்கே இல்லை, ஆஸ்திரேலியாவை ஒட்டி இருந்தது. இரண்டு இடத்து டிரைலோபைட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் இதைச் சரிபார்க்கிறார்கள். ஆழமில்லாத கடலில் ஊர்ந்தவை பெருங்கடலைத் தாண்டிப் போக முடியாது. ஒரே மாதிரி இனங்கள் இரண்டு இடத்திலும் இருந்தால், அந்த இரண்டு இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உறவுள்ளவர்கள் அரியலூரைக் கேட்பார்கள். அரியலூர்ப் பாறைகளில் கடல் உயிர்ப் புதைபடிவங்கள் அள்ளக் கிடைக்கும், ஆனால் அவை டைனசர் காலத்துக் கடல். டிரைலோபைட்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துபோய்விட்டன. இந்தியாவில் தேட வேண்டுமானால் இமயமலைக்கு, ஸ்பிட்டி பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருக்கும் வீடுகளில் அதையும் காட்டிக் கேட்பார்கள். அது நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட், சுருள் ஓடுகொண்ட, கணவாய்க்கு உறவான உயிர். டிரைலோபைட் இல்லை. ஆனால் கல்லில் உயிரின் வடிவம் கண்டு அதைப் போற்றிவைப்பது நம்மிடம் மட்டும் இருக்கும் பழக்கமில்லை. யூட்டாவின் பழங்குடியினரான யூட் மக்கள், என் மேசையில் இருக்கும் அதே எல்ராத்தியாவைக் கோத்துத் தாயத்தாக அணிந்தார்கள். பிரான்சில் ஒரு குகையில் துளையிட்ட டிரைலோபைட் ஒன்று கிடைத்திருக்கிறது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ அதைக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஏன் இன்று இல்லை?

ஒரே நாளில் போய்விடவில்லை. சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் அடுத்தடுத்து வந்த நெருக்கடிகளில் பெரும்பாலான கிளைகள் அழிந்தன. அப்புறம் ஒரே ஒரு பெரும்பிரிவு மட்டும் தாக்குப்பிடித்தது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைகள் வெடித்து, வெகுகாலம் குழம்பைக் கக்கின. கடல் சூடேறியது, உயிர்வளி குறைந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்த அந்தப் பேரழிவில் மிச்சமிருந்த டிரைலோபைட்டுகளும் போயின. இருந்த இடத்துக்கு எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும், இடமே மாறும் வேகம் தலைமுறைகளின் வேகத்தை மிஞ்சிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கிராஞ்சியில் பார்த்த குதிரைலாட நண்டின் முன்னோர்கள் 44 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே இருக்கிறார்கள். டிரைலோபைட்டுகளோடு ஒரே கடலில் வாழ்ந்தவர்கள். அவர்கள் அந்தப் பேரழிவைத் தாண்டி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நெருங்கிய உறவு சிலந்தியும் தேளும்தான், டிரைலோபைட் தூரத்துச் சொந்தம். ஆனாலும் முட்டையிலிருந்து வெளிவரும் குதிரைலாட நண்டுக் குஞ்சைப் பார்த்தால் மூன்று மடலும் வரிகளுமாக அச்சு அசல் குட்டி டிரைலோபைட் போல இருக்கும். அந்தப் பருவத்துக்கு 'டிரைலோபைட் குஞ்சு' என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கையில் வாங்கிப் பார்ப்பது எப்படி

டிரைலோபைட் விலைக்குக் கிடைக்கும். எல்ராத்தியா போன்றவை யூட்டாவில் ஏராளமாகக் கிடைப்பதால் மலிவு, போலி செய்ய அவசியமும் இல்லை. முள்ளும் சூலமுமாக இருக்கும் மொராக்கோ வகைகளை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பிசினில் வார்த்த போலிகள் நிறைய. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிக் குழிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பாறையை உடைக்கும்போதுதான் உள்ளே டிரைலோபைட் இருப்பது தெரியும், பிறகு ஒட்டித்தான் சுத்தம் செய்வார்கள். அதனால் பாறையிலும் ஓட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு விரிசல் கோடு ஓடினால் அது நல்ல அறிகுறி.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். டிரைலோபைட் வளர வளரத் திரும்பத் திரும்பச் சட்டை உரித்தது. ஒரு டிரைலோபைட் தன் வாழ்நாளில் பல சட்டைகளை விட்டுச்செல்லும், கடைசியில் உடல் ஒன்றே ஒன்றுதான். அதனால் பாறையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி உரித்த சட்டைகள். உரிப்பதற்கு வசதியாகத் தலை ஓட்டில் தையல் போல இரண்டு கோடுகள் உண்டு, கண்ணை ஒட்டியே ஓடும். உரிக்கும் நேரத்தில் அந்தத் தையல் பிரியும், இரண்டு பக்கக் கன்னங்களும் கழன்று விழும், அந்த வழியாக டிரைலோபைட் முன்பக்கமாக வெளியே வரும். கன்னங்கள் நீரோட்டத்தில் எங்கேயோ போய்விடும்.

இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைக் கல்லுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தோம். மேலே இருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். நடு உடலின் வளையங்களை அவள் ஊசி முனையால் எண்ணினாள்: பதின்மூன்று. எல்ராத்தியா கிங்கிக்கு எண்ணிக்கை அதுதான். அப்புறம் தலைக்கு வந்தாள். நடுமேடு இருந்தது, கண் இருந்த இடத்தின் வளைவு இருந்தது. அதற்கு வெளியே கன்னம் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும், ஓடு சீராக ஒரு கோட்டில் முடிந்திருந்தது. உடைந்த விளிம்பு மாதிரி கரடுமுரடு இல்லை.

"கன்னம் ரெண்டும் இல்ல, அத்தை" என்றாள்.